அண்ணனை எடுத்தோம், தம்பியும் வந்தான்

ஏப்ரல் மாதக் கடைசி, ஐஸ் ஹொக்கி அணிக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும் ட்ரை அவுட்டின் மூன்றாம் நாள். பிள்ளைகள் ஐஸை விட்டு இறங்கி உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் பெயர்ப் பட்டியலோடு அரீனா வாசலில் நின்றேன். ஒரு தகப்பன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வாகனத் தரிப்பிடத்தில் நின்ற தன் வான் வரைக்கும் நடத்திக்கொண்டு போனார்.

"அண்ணை, ரெண்டு பேரையும் எடுத்தால் இண்டைக்கே கையெழுத்து வைக்கிறன். பெரியவன் மட்டும் எண்டால் நாங்கள் கொஞ்சம் யோசிக்க வேணும்."

அவர் மிரட்டவில்லை. இரவு வேலை முடித்து நித்திரை இல்லாமல் வந்திருந்தார். இரண்டு பிள்ளைகள் இரண்டு அணியில் விளையாடினால் கிழமைக்கு எட்டுத் தரம் ஐஸுக்கு ஓட வேண்டும் என்பதை விரல் விட்டு எண்ணிக் காட்டினார். எனக்கு அவரைப் பிழை சொல்லத் தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை. பிழை எங்கள் பக்கம்தான் நடந்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் இருப்பது ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம். என் மகன் கோலி, அதாவது கோல் காப்பவன். அவன் விளையாடிய 12 வயதுக்குட்பட்ட ரெப் அணிக்கு (ஆட்களைத் தெரிவு செய்து எடுக்கும் போட்டி அணி) நான் மனேஜராக இருந்தேன். மனேஜர் என்றால் காசு சேர்ப்பது, ஐஸ் நேரம் பதிவது, ஆட்ட நாளில் பெஞ்சின் கதவைத் திறந்து மூடுவது. பிள்ளைகளைத் தெரிவு செய்வது தலைமைக் கோச்சின் பொறுப்பு. ஆனாலும் கடைசி ஒன்றிரண்டு இடங்கள் இழுபறியில் இருக்கும்போது என்னையும் துணைக் கோச்சையும் கூப்பிட்டுக் கேட்பார்.

அந்த வீட்டின் பெரியவன் முந்தைய வருடமே எங்களோடு விளையாடியவன். 31 கோல் அடித்தவன். ஐஸில் இறங்கினால் எதிரணியின் கோச் தன் ஆட்களைக் கூப்பிட்டு அவனைக் காட்டுவார். சின்னவன் அவனுக்குப் பதினொரு மாதம் இளையவன். ஒருவன் ஜனவரி முதல் கிழமையில் பிறந்தவன், மற்றவன் அதே வருடம் டிசம்பரில் பிறந்தவன். கனடாவில் சிறுவர் ஹொக்கியில் வயதுப் பிரிவு ஜனவரி 1 இல் தொடங்கி டிசம்பர் 31 இல் முடியும். ஆகவே இரண்டு பேரும் ஒரே பிரிவு. பெரியவன் அந்தப் பிரிவிலேயே மூத்தவர்களில் ஒருவன், சின்னவன் இளையவர்களில் ஒருவன். பதினொரு வயதில் பதினொரு மாதம் என்பது சில அங்குல உயரம், சில கிலோ எடை.

இது எங்கள் அணியின் பிரச்சினை மட்டும் இல்லை. ரோஜர் பார்ன்ஸ்லி என்ற கனடிய உளவியலாளர் 1980களிலேயே இதைக் கவனித்துச் சொன்னார். கனடாவின் உயர்தர இளையோர் அணிகளில் வருடத்தின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு அதிகமாக இருந்தார்கள். கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் மிகக் குறைவு. சின்ன வயதில் உயரமும் பலமும் திறமை மாதிரித் தெரிகின்றன. அப்படித் தெரிந்த பிள்ளைக்கு நல்ல கோச், கூடுதல் ஐஸ் நேரம், கடினமான ஆட்டங்கள் எல்லாம் கிடைக்கின்றன. பிறகு உண்மையிலேயே அவன் திறமைசாலியாகி விடுகிறான். எங்கள் முன்னால் நின்ற அண்ணனும் தம்பியும் அந்த ஆய்வுக்கு ஒரு உதாரணம் மாதிரி இருந்தார்கள். எனக்கு அது அந்த நேரம் விளங்கவில்லை.

கோச்சின் காருக்குள் மூன்று பேரும் உட்கார்ந்து முடிவெடுக்கப் பத்து நிமிடம்கூடப் போகவில்லை. 15 ஆட்டக்காரர், 2 கோலிகள் என்று கணக்கு. பதினான்கு பேர் உறுதி. பதினைந்தாவது இடத்துக்கு இரண்டு பிள்ளைகள்: சின்னவனும், நல்ல ஸ்கேட்டிங் உள்ள இன்னொரு பையனும். மூன்று நாளும் அந்த மற்றப் பையன்தான் முன்னுக்கு நின்றான். எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும். கோச் சேடின் சகோதரர்களைப் பற்றிச் சொன்னார். நான் எங்கள் ஆட்கள், நல்ல குடும்பம் என்றேன். துணைக் கோச் 31 கோலைப் பற்றி மட்டும் சொன்னார். சின்னவனைப் பற்றி யாரும் ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை. அவன் இடதுகையா வலதுகையா என்றுகூட அந்தப் பத்து நிமிடத்தில் யாரும் கேட்கவில்லை. (இடதுகை. கையெழுத்து வைத்த பிறகுதான் கவனித்தேன்.)

அந்த சேடின் உதாரணத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். பெரிய அணிகள் செய்கின்றன, நாங்கள் செய்தால் என்ன என்ற நியாயத்தைப் பிறகும் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். வட அமெரிக்காவின் தலைமை ஹொக்கி லீக்கான என்.எச்.எல். இன் அணிகள் இளம் வீரர்களை முறை வைத்துத் தெரிவு செய்வதுதான் ட்ராஃப்ட். 1999 ட்ராஃப்டில் வான்கூவர் அணியின் பொது முகாமையாளர் பிரையன் பர்க், சுவீடனைச் சேர்ந்த இரட்டையர் டேனியலையும் ஹென்ரிக்கையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று நின்றார். அதற்காக ஒரு நல்ல டிஃபென்ஸ் வீரரைக் கொடுத்து, மூன்று அணிகளோடு பேரம் பேசி, இரண்டாம் மூன்றாம் தெரிவுகளைக் கையில் எடுத்தார். டேனியல் இரண்டாவது, ஹென்ரிக் மூன்றாவது. 2018 வரை இரண்டு பேரும் அதே அணியில்தான் விளையாடினார்கள். 2010 இல் ஹென்ரிக்குக்கு அணிக்கு மிகப் பெறுமதியான வீரருக்கான ஹார்ட் விருது, அடுத்த வருடம் டேனியலுக்கு அதிக புள்ளி எடுத்தவருக்கான ஆர்ட் ராஸ் விருது. ஆனால் அங்கே யார் யாருக்காக எடுக்கப்பட்டார்? யாருமே இல்லை. இரண்டு பேரும் தனித்தனியாக முதல் ஐந்துக்குள் வரக்கூடியவர்கள் என்று எல்லா அணிகளுக்கும் தெரிந்திருந்தது.

1980 கோடையில் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து தப்பி வந்து கியூபெக் நோர்டிக்ஸ் அணியில் சேர்ந்த பீட்டர், அன்டன் ஸ்டாஸ்னி சகோதரர்களும் அப்படித்தான். அன்டனை அந்த அணி முந்தைய வருடமே ட்ராஃப்டில் எடுத்திருந்தது. பீட்டர் வந்த முதல் பருவத்திலேயே 109 புள்ளிகள் (அடித்த கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்ந்த கணக்கு). 1981 பெப்ரவரியில் வாஷிங்டனுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் அண்ணனும் தம்பியும் ஆளுக்கு 8 புள்ளிகள் எடுத்தார்கள். மூத்தவர் மரியன் ஒரு வருடம் கழித்து வந்து சேர்ந்தார். பழைய நட்சத்திரம் கோர்டி ஹவ்வின் கதை இன்னும் விசேஷம். 1973 இல் ஹூஸ்டன் ஏரோஸ் அணி முதலில் கேட்டது ரொறன்ரோ மார்ல்பரோஸில் விளையாடிய அவருடைய மகன்கள் மார்க்கையும் மார்ட்டியையும். ஓய்வு பெற்றிருந்த தகப்பன் 45 வயதில் பிள்ளைகளோடு சேர்ந்து மறுபடி இறங்கினார். பெயருக்காக வந்து நிற்கவில்லை. அந்தப் பருவத்தில் 100 புள்ளிகள் எடுத்து, லீக்கின் சிறந்த வீரராகவும் தெரிவானார்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜோர்டி பென்னின் கதை. தம்பி ஜேமி பென் டல்லஸ் அணியின் நட்சத்திரம். அண்ணன் ஜோர்டியை எந்த அணியும் ட்ராஃப்டில் எடுக்கவில்லை. அவர் சின்ன லீக்குகளில் விளையாடி, டல்லஸின் கீழ் அணியான டெக்சஸ் ஸ்டார்ஸில் இடம் பிடித்து, அங்கே நின்று வேலை கற்று, பிறகுதான் மேலே போனார். தம்பி முன்வரிசை, அண்ணன் டிஃபென்ஸ். அண்ணன் செய்தது முழுக்க வேறு வேலை. அதனால் தம்பியோடு ஒப்பிட்டு யாரும் அவரை அளக்க வேண்டி வரவில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. 2013 ஏப்ரல் 25 அன்று கரோலினா அணியில் எரிக், ஜோர்டன், ஜாரெட் என்ற மூன்று ஸ்டால் சகோதரர்கள் ஒரே லைனில் (சேர்ந்து இறங்கும் முன்வரிசை மூவர்) ஐஸில் இறங்கினார்கள். படத்தில் பார்த்தால் கண் கலங்கும். தண்டர் பேயில் வீட்டுப் பின்வளவில் தகப்பன் கட்டிய ரிங்கில் வளர்ந்த பிள்ளைகள். ஆனால் ஜாரெட்டுக்கு என்.எச்.எல்லில் கிடைத்தது மொத்தம் 2 ஆட்டங்கள். பெரிய நட்சத்திரமான மரியோ லெமியூவின் அண்ணன் அலன், தம்பியின் பிட்ஸ்பர்க் அணிக்காக விளையாடியது 1 ஆட்டம். இவர்கள் எல்லாரும் அருமையான ஆட்டக்காரர்கள். அந்த உயரத்துக்குப் போவதே பெரிய காரியம். ஆனாலும் சனம் அவர்களைப் பற்றிக் கதைக்கும்போது முதலில் வருவது இன்னொருவரின் பெயர். என்.எச்.எல்லில் ஒரு அணி வைத்திருக்கக்கூடிய ஒப்பந்தங்கள் 50தான். ஓர் உறவினருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ஒப்பந்தமும் வேறு ஒருவரின் இடம். பெரியவர்கள் அதைத் தெரிந்துதான் கையெழுத்து வைக்கிறார்கள், சம்பளமும் வாங்குகிறார்கள். எங்கள் பதினைந்தாவது இடத்துக்கு வந்தவன் பதினொரு வயதுப் பிள்ளை. காசு கட்டியது அவன் தகப்பன். அதுவும் நாலாயிரம் டொலருக்கு மேல்.

சரி, பருவத்துக்கு வருகிறேன்.

செப்டெம்பரில் எல்லாம் நன்றாகவே இருந்தது. அண்ணன், வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே, டிரெஸ்ஸிங் ரூமிலும் அவனைத் "தம்பி" என்று கூப்பிட்டான். அணியில் சீனப் பிள்ளைகள், கிரேக்கப் பிள்ளை, ஜமேக்கப் பிள்ளை, எல்லாரும் இருந்தார்கள். அவர்கள் அதைப் பட்டப்பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டு கிழமைக்குள் அணி முழுக்க அவனைத் "தம்பி" என்றது. கோச்சும் "தம்பி, யூ ஆர் அப்" என்றார். நாங்கள் சிரித்தோம். எங்கள் மொழிச் சொல் ஒன்று ஐஸ் ரிங்கில் ஒலிக்கிறதே என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது. அவனுக்கு ஒரு சொந்தப் பெயர் இருக்கிறது, அதை அந்த ரிங்கில் ஒருவரும் சொல்வதில்லை என்பது எனக்கு நவம்பரில்தான் உறைத்தது. ஒரு நாள் ஆட்டப் பதிவுத் தாளை நிரப்பும்போது அவன் பெயரை எழுதப் பேனாவை வைத்தவன், ஒரு கணம் யோசிக்க வேண்டி வந்தது.

பெஞ்சின் கதவடியில் நிற்பவனுக்குச் சில விஷயங்கள் தெரியும், மேலே கதிரைகளில் இருப்பவர்களுக்குத் தெரியாது. நெருக்கமான ஆட்டத்தில் கடைசிப் பகுதியான மூன்றாம் பீரியட் வந்தால் கோச் சொல்லாமலே பெஞ்சைச் சுருக்கிவிடுவார். ஒன்பது ஃபோர்வர்ட் ஆறாகும். அந்த நேரத்தில் சின்னவன் ஒவ்வொரு தரமும் எழும்புவான், கையுறையைச் சரி செய்வான், ஹெல்மட்டின் கொழுக்கியைத் தொட்டுப் பார்ப்பான், ஒரு காலைப் பலகை மேல் போடத் தயாராவான். வேறு பெயர் வரும். இருப்பான். ஒரு சனிக்கிழமை நான் எண்ணினேன். பதினைந்து நிமிட பீரியட்டில் பதினொரு தரம் எழும்பி, பதினொரு தரமும் இருந்தான். தண்ணீர்ப் போத்தலை ஆட்டம் முழுக்கக் கையில் வைத்திருந்தான். குடிக்கவில்லை. வேர்த்தால்தானே குடிப்பான்.

அண்ணனுக்கு இது தெரிந்தது. அதுதான் நாங்கள் கணக்கில் எடுக்காத விஷயம். தம்பியை எடுத்தால் அண்ணன் சந்தோஷமாக விளையாடுவான் என்று நினைத்தோம். அவன் விளையாடிக்கொண்டே பெஞ்சைப் பார்த்தான். தம்பியோடு ஒரே லைனில் இறங்கினால், தானே கோல் அடிக்கக்கூடிய இடத்தில் பக்கை, அதாவது அந்த ரப்பர் வட்டை, தம்பிக்குத் தள்ளினான். தம்பி தவறவிட்டால் அவனைத் திட்டுவதற்கு முன் மற்றவர்களின் முகத்தைப் பார்த்தான். பதினொரு வயதுப் பிள்ளை ஒரு பெரிய மனிதனின் கவலையைத் தலையில் சுமந்துகொண்டு ஓடினான். 31 கோல் அடித்தவன் ஜனவரி வரைக்கும் 9 கோல்தான்.

பெப்ரவரியில் ஒரு வெளியூர் ஆட்டம். இரண்டுக்கு இரண்டு, நாலு நிமிடம் மிச்சம். கோச் பெரியவனின் லைனைக் கூப்பிட்டார். அவன் எழும்பவில்லை. முன்னுக்குப் பார்த்தபடியே, சத்தம் போடாமல், "இட்ஸ் தம்பிஸ் டேர்ன்" என்றான். கோச் மறுபடி கூப்பிட்டார். அவன் அசையவில்லை. பக்கத்தில் இருந்த சின்னவன் அண்ணனின் முழங்கையைப் பிடித்துத் தள்ளித் தள்ளி, "போ, போ" என்று தமிழில் கெஞ்சினான். அவன் கண் நிறைந்து முகக்கம்பிக்குப் பின்னால் ஒழுகியது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் பிறகு போனான். அந்த ஆட்டத்தில் வென்றோமா தோற்றோமா என்று கேட்டால் எனக்குத் தாளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அன்றிரவு தகப்பன் தொலைபேசி எடுத்தார். கோபமாக இல்லை. "அண்ணை, அவனை எடுத்தனீங்கள்தானே, பிறகேன் வைச்சிருக்கிறியள்?" என்று மட்டும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. விட்டுவிட்ட மற்றப் பையன் அந்தப் பருவம் பக்கத்துக் கழகமொன்றில் நன்றாக விளையாடிக்கொண்டிருந்தான். அவன் தாயை ஒரு நாள் கடையில் கண்டேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார். எங்கள் அணியில் இருந்த மற்றப் பெற்றோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. பதினைந்தாவது இடத்துக்கு ஒரு விலை இருந்தது என்று தெரிந்த பிறகு, மிச்சப் பதினான்கு பேரின் பெற்றோரும் தங்கள் பிள்ளையின் இடத்தைச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு எந்த முடிவைச் சொன்னாலும், அதற்குப் பின்னால் என்ன பேரம் என்றுதான் கேட்டார்கள்.

அடுத்த ஏப்ரலுக்கு முன் நானும் கோச்சும் இரண்டு இரவு இருந்து கதைத்தோம். அவர் நல்ல மனிதர், தன் பிழையை மறைக்கவில்லை. உறவினரை எடுக்கவே கூடாது என்று ஒரு சட்டம் போடலாமா என்றுகூட யோசித்தார். நான் வேண்டாம் என்றேன். அண்ணன் தம்பி ஒரே அணியில் இருப்பதில் உண்மையான நன்மை இருக்கிறது. தகப்பனின் நித்திரை, தாயின் பெட்ரோல் காசு, பிள்ளைகள் வீட்டு ட்ரைவேயில் சேர்ந்து பழகுகிற பழக்கம் எல்லாம் சின்ன விஷயங்கள் இல்லை. மொன்றியல் அணி 1955 இல் தன் நட்சத்திரம் மொரிஸ் ரிஷாரின் தம்பி ஹென்றியை எடுத்தபோது அவருக்கு 19 வயது, அண்ணனுக்கு 34. தம்பியின் உயரம் ஐந்தடி ஏழு அங்குலம். அண்ணனும் தம்பியும் சேர்ந்து என்.எச்.எல்லின் சம்பியன் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தைத் தொடர்ச்சியாக 5 தரம் வென்றார்கள். தம்பி தன் வாழ்நாளில் வென்றது 11, அண்ணன் 8. சின்னவன் என்று தள்ளியிருந்தால் அது எப்பேர்ப்பட்ட இழப்பு. ஆகவே நாங்கள் மாற்ற வேண்டியிருந்தது தெரிவு செய்கிற விதத்தை.

முதலில், ட்ரை அவுட்டில் அண்ணன் தம்பிகளை வேறு வேறு குழுவில் போட்டோம். முதுகில் இலக்கம் மட்டும், பெயர் இல்லை. எங்கள் பிள்ளைகளைத் தெரியாத இரண்டு பேரை வெளியிலிருந்து கூப்பிட்டு மேலே உட்கார வைத்தோம். அவர்களுக்கு நாங்கள் கொடுத்தது இலக்கமும் பிறந்த மாதமும் மட்டுமே. பிறந்த மாதத்தைக் கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. டிசம்பர் பிள்ளையை ஜனவரிப் பிள்ளையின் உயரத்தோடு ஒப்பிடாமல் பக்கை எப்படிப் பார்க்கிறான், இடத்தை எப்படி எடுக்கிறான் என்று பார்க்கச் சொன்னோம். இது எல்லாரையும் காப்பாற்றாது. ஆனால் ஒரு பிள்ளையை அவன் அண்ணனின் நிழலில் வைத்துப் பார்க்காமல் மூன்று நாளாவது பார்க்கலாம்.

இரண்டாவது, ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் வந்தால் இரண்டு முடிவு, இரண்டு தாள், இரண்டு கதை. முதல் நாளே தாய் தகப்பனிடம் இதைச் சொல்லிவிடுவோம்: ஒருவனுக்கு வரும் அழைப்பு மற்றவனைக் கட்டாது, ஒருவனை எடுக்காவிட்டால் மற்றவனைக் கூட்டிக்கொண்டு போக உங்களுக்கு முழு உரிமை உண்டு, நாங்கள் மனவருத்தப்பட மாட்டோம். நட்சத்திரத்தை இழக்கத் தயாராக இல்லாவிட்டால் இந்த வசனத்தைச் சொல்ல முடியாது. நாங்கள் ஒரு தரம் இழந்தும் இருக்கிறோம். வலிக்கும்தான். ஆனால் மிச்சப் பெற்றோர் அன்றைக்குத்தான் எங்களை நம்பத் தொடங்கினார்கள். தகப்பனைத் துணைக் கோச்சாக்குவதையும் இதே கண்ணால் பார்க்கப் பழகினோம். பிள்ளைகளின் பட்டியல் முடிந்து பூட்டப்படும் வரைக்கும் எந்தத் தகப்பனுக்கும் பெஞ்சில் இடம் தருவதாகச் சொல்வதில்லை.

மூன்றாவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிது. எடுக்கப் போகிற பிள்ளைக்கு இந்த அணியில் என்ன வேலை என்பதை நாங்கள் ஒரு வசனத்தில் எழுத வேண்டும். அந்த வசனத்தில் அண்ணனின் பெயர் வரக் கூடாது. "பெனல்டி நேரத்தில் முன்னுக்கு நிற்பான்", "மூன்றாம் லைனில் இடப்பக்கம், எதிரணியின் டிஃபென்ஸைத் துரத்துவான்". அப்படி ஒரு வசனம் வராவிட்டால் அந்தப் பிள்ளைக்கு நாங்கள் கொடுக்கிறது ஒரு கதிரை மட்டும். எழுதின பிறகு அந்தப் பிள்ளையையே கூப்பிட்டு, தாய் தகப்பன் இல்லாமல், அவனிடம் சொல்ல வேண்டும். பதினொரு வயதுப் பிள்ளைக்கு விளங்கும். எங்களை விட நன்றாகவே விளங்கும்.

எடுக்காத பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்பதையும் கற்றுக்கொண்டோம். பட்டியலை இணையத்தில் போட்டு, அதை அண்ணன் பாடசாலை பஸ்ஸில் பார்த்துத் தம்பிக்குச் சொல்கிற நிலை வரக் கூடாது. நேரில், முதல் ஆளாக, அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். அவன் எங்கே நன்றாக விளையாடலாம் என்று இரண்டு அணிகளின் பெயரையாவது கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

அந்த முறை சின்னவனுக்குச் சொல்லப் போனது நான்தான். நானே கேட்டு எடுத்துக்கொண்ட வேலை. அரீனாவில் சூடான சொக்லேட் விற்கிற யன்னலுக்குப் பக்கத்தில், மர வாங்கில் இருந்தோம். அவனுடைய முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். இந்த வருடம் உன்னை எடுக்கவில்லை, போன வருடம் உன்னை எடுத்துவிட்டு விளையாட விடாமல் வைத்திருந்தது எங்களுடைய பிழை, உன்னுடையது இல்லை என்றேன். ஒரு படி கீழே உள்ள ஒரு அணியில் டிஃபென்ஸுக்கு ஆள் தேடுகிறார்கள், உன் ஸ்டிக் நல்ல இடத்தில் இருக்கும், நீ பக்கை முன்கூட்டியே படிக்கிறாய் என்று நான் கண்டதைச் சொன்னேன். பொய் இல்லை. பயிற்சியில் அண்ணனுக்கு எதிராக விட்டால் அண்ணனின் பாஸை வெட்டக்கூடிய ஒரே ஆள் அவன்தான். பதினொரு வருடமாக அவனைப் பார்த்து வளர்ந்தவன் இல்லையா.

அவன் கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அண்ணா இங்கேயே இருப்பாரா, அங்கிள்?" என்று கேட்டான். அவனுக்கு விருப்பம் என்றால் இருக்கலாம் என்றேன். "அப்ப இருக்கச் சொல்லுங்கோ" என்றான்.

தகப்பனுக்கு அந்த வருடம் ஓட்டம் இரட்டிப்பானது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. எங்கள் அணியில் மூன்று வீட்டார் முறை வைத்துப் பெரியவனை ஏற்றி இறக்கினோம். இதையும் ஒரு நடைமுறை விஷயமாகச் சொல்கிறேன்: ஒரு குடும்பத்தைப் பிரிக்கிற முடிவை எடுத்தால், அந்த முடிவின் பெட்ரோல் செலவில் ஒரு பங்கை அணி ஏற்க வேண்டும். கையெழுத்து வாங்க ஓடிப் போகிறோம், இதற்கும் ஓட வேண்டும்தானே.

டிசம்பரில் அவனுடைய புதிய அணியோடு எங்களுக்கு ஒரு நட்பு ஆட்டம் அமைந்தது. தாயும் வந்திருந்தார். எந்தப் பக்கம் இருப்பது என்று தெரியாமல் நடுக்கோட்டுக்கு நேரே இருந்தார். 2003 ஸ்டான்லி கிண்ண இறுதியில் நீடர்மேயர் சகோதரர்கள் எதிரெதிராக விளையாடியபோது, ஸ்கொட்டிடம் ஏற்கெனவே கிண்ணம் இருக்கிறது, ரொப் வெல்லட்டும் என்று அவர்களின் தாய் வெளிப்படையாகச் சொன்னாராம். அந்த முறை ஸ்கொட்தான் வென்றார். இரண்டு வருடம் கழித்து ஸ்கொட் தம்பியின் அனஹைம் அணிக்குப் போனார். 2007 இல் அணித் தலைவராகக் கிண்ணத்தை வாங்கி, முதல் ஆளாகத் தம்பியின் கையில் கொடுத்தார். இதை அந்தத் தாய்க்குச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "எனக்கு ரெண்டு பேரும் அடிபடாமல் வீட்டை வந்தால் போதும்" என்றார்.

இரண்டாம் பீரியட்டில் பெரியவன் வலப்பக்கத்தால் வேகமாக வந்தான். எனக்கு அந்த ஓட்டம் தெரியும்; தோளை உள்ளே சாய்த்து, பக்கை வெளியே இழுப்பான். சின்னவன் பின்னோக்கி ஸ்கேட் செய்துகொண்டே வந்து, தோளைப் பார்க்கவில்லை, ஸ்டிக்கை நீட்டி ஒரே தட்டு. பக் கண்ணாடியில் பட்டுத் திரும்பியது. அவர்களின் பெஞ்ச் முழுக்க எழும்பி ஸ்டிக்கால் பலகையில் அடித்து, அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. அவனுடைய சொந்தப் பெயர்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது வாசல் வாங்கில் இரண்டு பேரும் இருந்தார்கள். வேறு வேறு நிற ஜாக்கெட். சின்னவனின் ஸ்கேட் கயிறு நனைந்து இறுகி முடிச்சு விழுந்திருந்தது. பெரியவன் தரையில் முழங்காலிட்டு, தம்பியின் காலைத் தன் தொடையில் வைத்து, பல்லால் கடித்து அந்த முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான். சின்னவன் மேலே இருந்து, தோள் சாய்கிறது முதலே தனக்குத் தெரிந்துவிட்டது என்று திரும்பத் திரும்ப விளங்கப்படுத்திக்கொண்டிருந்தான்.